பறக்கும் தட்டு ரகசியம்: நாம் எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும்?

கெடாவில் பாடாங் செராய் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களுக்கு மேற்பார்வையாளராக) இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் என்னிடம் வந்தார். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் வழியில், செம்பனை மரங்களுக்கு மேலே இருபதுக்கும் மேற்பட்ட வெளிச்சங்கள் ஒரே கோட்டில், சத்தமே இல்லாமல் ஊர்ந்து போவதைப் பார்த்திருக்கிறார். அன்று ஒட்டுக்கடையில் பசியாறும்போது இதே பேச்சு. "அமெரிக்காக்காரனே ஒத்துக்கிட்டான், வேற்றுக்கிரகவாசி உடம்பையே வச்சிருக்கானாம், சனங்க கேட்டுக் கேட்டும் அரசாங்கம் வாயைத் திறக்கல" என்று ஒரு பெரியவர் அடித்துச் சொன்னாராம். தம்பி என்னிடம் கேட்டது மூன்று: நான் பார்த்தது என்ன? அமெரிக்கா உண்மையிலேயே மறைக்கிறதா? நம் மலேசிய அரசாங்கத்திடமும் இப்படிக் கேட்கலாமா?

நான் வேலைக் காலம் முழுவதும் வானிலை நிலையங்களில் பலூன் விட்ட ஆள். வானத்தைப் பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தந்தது. அதனால் முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

தம்பி, நீங்கள் பார்த்தது இணையச் சேவைக்காக விடும் ஸ்டார்லிங்க் துணைக்கோள் வரிசை. 2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 துணைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் ஏற்றினார்கள். அதிலிருந்து தொகுதி தொகுதியாக ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஏவிய முதல் சில நாட்கள் அவை ஒன்றன்பின் ஒன்றாக, நூலில் கோத்த மணிகளைப் போலப் போகும். பிறகு சுமார் 500 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறி, பிரிந்து, மங்கிவிடும். காலை ஆறு மணிக்கு நமக்கு இன்னும் இருட்டு. ஆனால் அந்த உயரத்தில் வெயில் வந்துவிட்டது. அந்த வெயில் பட்டுத்தான் மின்னுகின்றன. நடு இரவில் அப்படித் தெரியாது, பகலிலும் தெரியாது. பெரட்டு நேரம்தான் அதற்குச் சரியான நேரம்.

நீங்கள் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பினாங்கில் நாங்கள் பலூன் விட்ட காலத்தில் நிலையத்துக்கு எத்தனையோ தொலைபேசி அழைப்புகள் வரும். உலகம் முழுவதும் ஒரே நேரத்தில், ஒரு நாளைக்கு இரண்டு முறை பலூன் விடுவார்கள். நமக்கு அது காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் உரிய அளவீடு, ஆனால் அதற்கு முன்பே பலூனை விட்டாக வேண்டும். மாலையில் விடும் பலூன் நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் ஏறும். தரை இருட்டிய பிறகும் மேலே அதன்மீது வெயில் படும். காற்றழுத்தம் குறையக் குறைய உப்பிக்கொண்டே போய், வெடிக்கும் முன் பல மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். கீழே நின்று பார்க்கிறவருக்கு நட்சத்திரத்தைவிடப் பிரகாசமான ஒரு புள்ளி, திசை மாறி மாறி நகர்கிறது. கூப்பிட்டவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள், போலீஸ்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் கண்டது உண்மை. அதற்கு அவர்கள் வைத்த பெயரில்தான் தவறு.

பறக்கும் தட்டு நமக்கு அந்நியமான பேச்சும் அல்ல. 1970இல் இங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமில், பள்ளிச் சிறுவர்கள் சில அங்குல உயரமே உள்ள ஆட்களைக் கண்டதாகச் சொல்லி, அது பத்திரிகையில் வந்தது. 2022 ஜூலை 31ஆம் தேதி நள்ளிரவு தாண்டி சரவாக் வானத்தில் நெருப்புத் துண்டுகள் நீளமாக ஓடியதைப் பலர் படம் எடுத்தார்கள். அது சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் உடல், காற்றில் எரிந்து விழுந்தது. இப்போது தோட்டங்களில் மருந்து தெளிக்கும் ட்ரோனும் வந்துவிட்டது. வானத்தில் முன்பு இல்லாத கூட்டம்.

இனி அமெரிக்கக் கதை. அதை 1947 ஜூலையில் தொடங்க வேண்டும். நியூ மெக்சிகோவில் ரோஸ்வெல் என்ற ஊருக்கு அருகே ஏதோ விழுந்தது. அங்கிருந்த ராணுவ விமானத் தளம் முதலில் "பறக்கும் தட்டு கிடைத்தது" என்று அறிவித்தது. உடனே அதை மறுத்து "வானிலை பலூன்" என்றது. பல ஆண்டுகள் அதே பதில்தான். 1994இல்தான் அமெரிக்க விமானப்படை, அது மோகுல் என்ற ரகசியத் திட்டத்தின் பலூன் தொடராக இருக்கலாம் என்று அறிக்கை வெளியிட்டது. சோவியத் நாடு அணுகுண்டு சோதித்தால் அந்த அதிர்வை மேல்வானத்தில் கேட்பதற்காக ஒலிவாங்கிகளைக் கட்டி விட்ட பலூன்கள் அவை. ஆக, அரசு மறைத்தது உண்மை. மறைத்ததும் பலூன்தான். பலூன் விட்டவன் என்பதால் இந்த இடம் எனக்கு ஆழமாகப் பதிந்தது. அரசு ஒன்றை மறைத்தது என்று நிரூபணமானாலும், நாம் நினைத்ததைத்தான் மறைத்தது என்று ஆகிவிடாது.

இது ஒரு முறை நடந்ததல்ல. 1950களின் நடுவில் யூ-2 உளவு விமானம் 60,000 அடிக்கும் மேலே பறக்கத் தொடங்கியது. அப்போது பயணிகள் விமானங்கள் அதில் பாதி உயரம்கூட எட்டுவதில்லை. மாலை வெயில் பட்டு வெள்ளி நிற இறக்கை மின்ன, விமானிகள் தலைக்கு மேலே ஏதோ பறக்கிறது என்று புகார் எழுதினார்கள். சிஐஏவின் வரலாற்றாய்வாளர் ஒருவர் 1997இல் எழுதிய கட்டுரையில், 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வந்த பறக்கும் தட்டுப் புகார்களில் பாதிக்கு மேல் இத்தகைய உளவு விமானங்களே என்றார். அந்தப் பாதிக்கணக்கை ஏற்காத ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் விமானத்தைக் காப்பாற்ற மக்களிடம் உண்மை சொல்லவில்லை என்பதில் சண்டை இல்லை. அந்த விமானங்களைச் சோதித்த ஏரியா 51 என்ற தளத்தின் பெயரையே 2013இல் வெளிவந்த ஆவணங்களில்தான் ஒப்புக்கொண்டார்கள். 2025 ஜூனில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இன்னொன்றை எழுதியது: 1980களில் ராணுவ அதிகாரி ஒருவர், அந்தத் தளத்துக்கு அருகே மதுக்கடை வைத்திருந்தவரிடம் பறக்கும் தட்டின் போலிப் படங்களைக் கொடுத்திருக்கிறார். ரகசிய விமானத்தைப் பற்றிப் பேசுவதைவிட மக்கள் வேற்றுக்கிரகவாசியைப் பற்றிப் பேசட்டும் என்பது நோக்கம்.

மக்கள் அரசை நம்பாமல் போனதற்கு மக்களைக் குறை சொல்ல முடியாது என்று நான் நினைக்கிறேன். பொய் சொன்னவர்கள் மேலே இருந்தவர்கள்.

புளூ புக் என்ற விமானப்படைத் திட்டம் 1952 முதல் 1969 வரை நடந்தது. அதற்கு முன்னிருந்த திட்டங்களின் கணக்கையும் சேர்த்து 12,618 புகார்கள், அவற்றில் 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை. பிறகு கடையை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் "வெளியே சொல்லுங்கள்" என்ற கோரிக்கை மக்களிடமிருந்தே வளர்ந்தது. 2001 மே மாதம் ஸ்டீவன் கிரீயர் என்ற மருத்துவர், முன்னாள் ராணுவத்தினர் உட்படச் சுமார் 20 பேரை வாஷிங்டன் தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தில் நிறுத்திப் பேச வைத்தார். 2011இல் வெள்ளை மாளிகையின் இணைய மனு வசதி வழியாக ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். பூமிக்கு வெளியே உயிர் இருப்பதற்கு அரசிடம் எந்தச் சான்றும் இல்லை என்று அந்த நவம்பரில் பதில் வந்தது.

நிலைமையை மாற்றியது 2017 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் வந்த செய்தி. அமெரிக்கத் தற்காப்பு அமைச்சான பென்டகன் 2 கோடியே 20 லட்சம் டாலர் செலவில் இத்தகைய பொருள்களை ஆராய ஒரு திட்டம் நடத்தியது என்றும், செனட்டர் ஹாரி ரீட் அதற்குப் பின்னால் இருந்தார் என்றும் அது சொன்னது. கூடவே போர் விமானங்களிலிருந்து எடுத்த படங்கள். 2020 ஏப்ரலில் பென்டகனே மூன்று படங்களை முறையாக வெளியிட்டது. 2021 ஜூனில் உளவுத்துறை இயக்குநர் அலுவலகம் தந்த அறிக்கையில் 144 நிகழ்வுகள். அவற்றில் உறுதியாக விளக்க முடிந்தது ஒன்றே ஒன்று. அது காற்று இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய பலூன்.

ஒட்டுக்கடைப் பெரியவர் சொன்ன "உடம்பு" வந்தது 2023 ஜூலை 26 அன்று. அமெரிக்க மக்களவையின் துணைக்குழு முன்னால் டேவிட் குரூஷ் என்ற முன்னாள் உளவு அதிகாரி சத்தியம் செய்து சாட்சி சொன்னார். விழுந்த வாகனங்களை அமெரிக்கா பல்லாண்டுகளாக எடுத்து வைத்திருக்கிறது, மனிதரல்லாத உயிரியல் பொருளும் கிடைத்தது என்றார். இங்கே நிதானமாகக் கேட்க வேண்டும், தம்பி. அவர் தன் கண்ணால் கண்டதாகச் சொல்லவில்லை. 40க்கும் மேற்பட்டவர்களைப் பேட்டி கண்டதாகவும், அவர்கள் சொன்னதைத்தான் சொல்வதாகவும் அவரே சொன்னார். பக்கத்தில் அமர்ந்திருந்த டேவிட் ஃபிரேவர் வேறு வகை சாட்சி. 2004 நவம்பரில் சான் டியேகோ கடற்பகுதியில் வெள்ளை மிட்டாய் வடிவத்தில் ஒரு பொருளைத் தன் விமானத்திலிருந்து பார்த்ததாகச் சொன்ன கடற்படை விமானி. அவர் ஏதோ ஒன்றைப் பார்த்தார் என்பதை நான் ஏற்கிறேன். அது என்ன என்பது இன்றுவரை தீரவில்லை. கண்டவர் பேச்சும் கேட்டவர் பேச்சும் ஒரே எடை உள்ளவை அல்ல. பெரட்டில் இரண்டு பேர் தகராறு என்றால் நீங்களும் முதலில் "நீ பார்த்தியா, யாரோ சொன்னாங்களா" என்றுதானே கேட்பீர்கள்?

அந்த ஆண்டே செனட்டர்கள் சக் ஷூமரும் மைக் ரவுண்ட்ஸும் ஒரு சட்ட வரைவு கொண்டுவந்தார்கள். கென்னடி கொலை ஆவணங்களை வெளியிட 1992இல் போட்ட சட்டத்தை மாதிரியாக வைத்து எழுதியது. தனிக் குழு அமைத்து, ஆவணம் எல்லாம் வெளியே வர வேண்டும், மறைக்க வேண்டுமானால் மறைக்கிறவர்தான் காரணம் காட்ட வேண்டும் என்பது அதன் உயிர். பேரம் பேசி அந்தக் குழுவை வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது, தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு தொகுப்பை உருவாக்க வேண்டும் என்ற பகுதி. வெட்டியது தவறு என்பதுதான் என் கருத்து. இத்தகைய புகார்களை ஆராயும் பென்டகனின் ஏஏஆர்ஓ அலுவலகம் 2024 மார்ச்சில் தன் வரலாற்று அறிக்கையில், வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்துக்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை என்று எழுதியது. அது உண்மையாகவே இருக்கலாம், அப்படித்தான் நானும் நம்புகிறேன். ஆனால் குற்றம் சாட்டப்பட்ட துறையே தன்னை விசாரித்து எழுதிய அறிக்கை எவருக்கும் மனநிறைவு தராது. வெளி ஆட்கள் உட்கார்ந்த அந்தக் குழு இருந்திருந்தால் அதே முடிவுக்கு மதிப்பு கூடியிருக்கும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடம்.

நம் தோட்டத்துச் சனங்களுக்கு அரசு ரகசியம் புதிதல்ல. என் பாட்டியின் அண்ணனை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து போனார்கள், நிறைய பேர் திரும்பவில்லை. அவர் எங்கே, எந்த நாளில் செத்தார் என்று பாட்டிக்கு யாரும் ஒரு தாள் தரவில்லை. ஆனால் அவர் போனது லயத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஓர் ஆள் இல்லை, அவர் மனைவி இருக்கிறார், குழந்தை இருக்கிறது.

பத்தாங் காலியையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1948 டிசம்பரில், கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அறிவித்த அவசர காலத்தில், சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிரிட்டனின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமற்ற 24 ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். சீனத் தொழிலாளர்கள். தப்பி ஓடினார்கள், சுட்டோம் என்பது அரசின் கணக்கு. 1970இல் அந்தப் படையில் இருந்த சிலரே அது உண்மையல்ல என்று பிரிட்டிஷ் பத்திரிகையில் சொன்னார்கள். விசாரணை தொடங்கியது, பிரிட்டனில் ஆட்சி மாறியதும் நின்றது. குடும்பத்தார் விடவில்லை. 2015 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஆனால் அந்த வழக்குகளால்தான் எத்தனையோ கோப்புகள் மேசைக்கு வந்தன. இன்னொரு பக்கம், 37 முன்னாள் காலனிகளின் 8,000க்கும் மேற்பட்ட கோப்புகளைத் தாங்கள் ஒளித்து வைத்திருந்ததை 2011இல் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. காலனி ஆட்சியில் சித்திரவதைக்கு ஆளான கென்ய முதியவர்கள் போட்ட வழக்கு அதைக் கக்க வைத்தது. 2012இல் காப்பகத்தில் திறந்த முதல் தொகுதியில் மலாயாவும் இருந்தது. 1957இல் இங்கிருந்த கோப்புகளை லாரிகளில் ஏற்றி, சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தின் உலையில் எரித்ததும் அப்போதுதான் தெரியவந்தது.

அந்தக் குடும்பங்களிடம் இடம் இருந்தது, தேதி இருந்தது, 24 பெயர்கள் இருந்தன. தாள் மட்டும்தான் இல்லை. அந்தத் தாளைத்தான் கேட்டார்கள். பறக்கும் தட்டு விஷயத்தில் நிலைமை தலைகீழ். தாள் ஆயிரக்கணக்கில் வெளிவந்துவிட்டது, ஆனால் இன்னும் ஒரு இடம், ஒரு பொருள், ஒரு உடம்பு வெளியே வரவில்லை. மறைத்த ஒன்று எங்கேயாவது ஒரு குழியை விட்டுப் போகும், அந்தக் குழியைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். எழுபது எண்பது ஆண்டுகளாகத் தோண்டியும் இதில் குழி தென்படவில்லை என்பதால்தான் எனக்கு இவ்வளவு தயக்கம்.

இன்னொரு காரணமும் உண்டு. பூமிக்கு வெளியே உயிர் என்ற விஷயத்தில் விஞ்ஞானிகள் வாய் மூடி இருக்கிறவர்கள் அல்ல, நிரூபணம் வரும் முன்பே பேசிவிடுகிறவர்கள். அண்டார்டிகாவில் எடுத்த செவ்வாய்க் கல்லில் நுண்ணுயிரின் தடம் இருக்கலாம் என்று தோன்றியதும், 1996 ஆகஸ்டில் அதிபர் கிளின்டனே மக்கள் முன் வந்து பேசினார். பின்னால் பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. 2025 செப்டம்பரில் நாசா, செவ்வாயில் பெர்சிவரன்ஸ் ஊர்தி கண்ட ஒரு பாறையில் பழைய உயிரின் அறிகுறி இருக்கலாம் என்று ஊடகத்தைக் கூட்டிச் சொன்னது. இப்படி ஒரு கண்டுபிடிப்பு வந்தால் முதலில் சரிபார்க்க வேண்டும், பிறகு உலகத்துக்கே திறந்து சொல்ல வேண்டும் என்று 1989இலேயே விஞ்ஞானிகள் ஒரு நெறிமுறை எழுதி வைத்திருக்கிறார்கள். சிரம்பானில் பிறந்த நம் விண்ணியல் அறிஞர் மஸ்லான் ஒத்மான் ஐநாவின் விண்வெளி அலுவலகத் தலைவராக இருந்தபோது, 2010இல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவரை "வேற்றுக்கிரகவாசிகளுக்கான ஐநா தூதர்" ஆக்கிவிட்டன. அப்படி ஒரு பதவியே இல்லை என்று அவர் மறுத்தார். ஆனால் இந்த விஷயத்தை நாடுகள் சேர்ந்து யோசிக்க வேண்டும் என்பது அவர் உண்மையாகவே சொன்ன கருத்து, அதில் நகைப்புக்கு எதுவும் இல்லை.

சரி, நம் அரசாங்கத்திடம் கேட்கலாமா?

கேட்கலாம். சிறிய நாடு கேட்கக் கூடாது என்றில்லை. கரிபியனில் உள்ள கிரனாடாவின் பிரதமர் எரிக் கெய்ரி ஐநாவிலேயே இதை எழுப்பினார். 1978 டிசம்பரில் பொதுச்சபை, விருப்பமுள்ள நாடுகள் இதை ஆராய்ந்து ஐநா பொதுச்செயலாளருக்குத் தெரிவிக்கலாம் என்று முடிவே எடுத்தது. பிரான்ஸில் விண்வெளி நிறுவனத்துக்குள் 1977 முதல் இதற்கென ஓர் அலுவலகம் இருக்கிறது. காவல் துறை எழுதும் புகாரை வாங்கி, ஆராய்ந்து, 2007 முதல் கோப்புகளை இணையத்தில் போட்டுவிடுகிறது. விளக்கம் கிடைக்காததையும் "கிடைக்கவில்லை" என்று எழுதிவிடுகிறது. எனக்குப் பிடித்த மாதிரி அதுதான்.

நம் நாட்டில் தடை வேறு இடத்தில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ ரகசியச் சட்டம். 1986 திருத்தத்துக்குப் பிறகு, ரகசியத்தை வெளியிட்டால் குறைந்தது ஓராண்டு சிறை. ஓர் ஆவணம் ரகசியம் என்று அதிகாரம் பெற்றவர் சான்று எழுதிவிட்டால், அந்தச் சான்றை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. தகவல் கேட்கும் உரிமைக்கு பினாங்கும் சிலாங்கூரும் மாநிலச் சட்டம் போட்டிருக்கின்றன. நம் கெடாக்காரர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கூட்டரசு அளவில் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது.

தம்பி, கையெழுத்து போடுவதென்றால் அந்தச் சட்டத்துக்குப் போடுங்கள். ஆகாயப்படையின் புகார்ப் புத்தகத்தைக் கேட்கவும் அந்தக் கதவுதான். தோட்டத்தை விற்றபோது லயத்துச் சனங்களுக்கு வீடு பற்றி என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்கவும் அந்தக் கதவுதான். கேட்கும்போது "உண்மையைச் சொல்" என்று எழுதாதீர்கள். அதற்கு எந்த அலுவலகமும் பதில் தர வேண்டியதில்லை. இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை, இன்ன துறை வாங்கிய புகார்களின் நகல் என்று எழுதுங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். பத்தாங் காலிக் குடும்பங்களும் கென்ய முதியவர்களும் கோப்பு கோப்பாகத்தான் கேட்டார்கள்.

அப்புறம், உங்கள் பங்குக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் தென்பட்டால் மணியை நிமிடத்தோடு எழுதுங்கள். எந்தத் திசையில் தோன்றி எந்தத் திசையில் மறைந்தது என்று எழுதுங்கள். உயரத்துக்குக் கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்திலிருந்து அளந்து பாருங்கள், ஒரு முஷ்டி சுமார் 10 பாகை. எத்தனை நொடி தெரிந்தது, மினுக்கியதா, மேகத்துக்கு முன்னாலா பின்னாலா, கூட யார் பார்த்தார்கள். கைப்பேசிப் படத்தை யாருக்கும் அனுப்பும் முன், மூலத்தை அழிக்காமல் வையுங்கள். துணைக்கோள் வரும் நேரம் சொல்லும் செயலிகள் இருக்கின்றன, முதலில் அதில் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். தீராத அந்த ஒன்றை என்னிடம் கொண்டு வாருங்கள். நான் விடியற்காலை ஐந்தரைக்கே எழுந்து வாசலில் உட்கார்ந்திருப்பேன், பெரட்டுக்குப் போகும் வழிதானே.